மூன்று கன்வென்ஷனில் எழுந்து நின்று ஒப்புக்கொடுத்தேன், ஒரு கிணற்றை மட்டும் விட முடியவில்லை

கேட்டவர்: திருப்பூர் கட்டிங் மாஸ்டர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

பெயர் வேண்டாம். வயது 41. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு சின்னக் கிராமம். 16 வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மனைவி, ஒரு மகள். ஞாயிறு ஆராதனைக்குத் தவறுவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு.

என் பிரச்சினை இதுதான். கடைசியாகப் போன மூன்று கன்வென்ஷன் கூட்டங்களிலும், "தங்களை ஆண்டவருக்கு முழுவதும் ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொன்னபோது நான் எழுந்து நின்றேன். பொய்யாக நிற்கவில்லை. அழுதேன். திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சு பஞ்சு மாதிரி இருக்கும், தேவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் போய்விடும். மூன்று தடவையும் செவ்வாய்க்கிழமைதான்.

எதை ஒப்புக்கொடுக்கவில்லை என்பது எனக்கே தெரியும். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா 2017-ல் தவறினார். நிலத்தை எனக்கும் அண்ணனுக்கும் உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்திருந்தார். கிணறு மட்டும் பொது. செவ்வாயும் வெள்ளியும் என் முறை. என் பங்கில் 140 முருங்கை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துக்கொண்டார். 2019-ல் அண்ணன் மோட்டாரின் கரண்ட் இணைப்பைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பூட்டும் போட்டுவிட்டார். அந்தக் கோடையில் 60 மரம் காய்ந்தது. தேரி என்கிற எங்கள் செம்மணலில் ஒரு மாதம் தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நான் ஊருக்குப் போய்த் தெருவில் நின்று சத்தம் போட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இப்போதும் அண்ணன் வீட்டில்தான். ஐந்து வருடமாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போனால் கோயில் முற்றத்தில் வைத்து அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன்னால் எங்கள் சபைப் போதகர் ஐயர், பிறரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டிச் சேருங்கள் என்று வாசிக்கும்போது, எனக்குப் பச்சை பெயின்ட் அடித்த அந்த மோட்டார் ரூம் கதவுதான் கண்ணில் தெரிகிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, ஒப்புக்கொடுப்பது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? கூட்டத்தில் அல்ல, புதன்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும்போது. இரண்டாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்குப் பயம். "உம்முடைய சித்தம்" என்று உண்மையாகச் சொல்லிவிட்டால், கிணற்றை விடு என்பார். விட்டால் அடுத்தது என்ன கேட்பார்? எனக்கு ஒரே மகள். இந்தப் பயத்தை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பதில்: அதிகாலை ஜெபம், கோவை

பிரதர், மூன்று நாள் உபவாசம் எடுத்துப் பாருங்கள். எனக்குக் குடிப்பழக்கம் இருந்தது, உபவாசத்தில்தான் விட்டது. பசியோடு உட்கார்ந்தால், உள்ளே எது நம்மை ஆளுகிறது என்று வெளியே வந்துவிடும். உங்கள் குடும்பத்துக்காக இன்று ராத்திரியே ஜெபிக்கிறேன், அண்ணனுக்காகவும்.

பதில்: உபதேசியார் வீட்டம்மா

தம்பி, என் மூத்த மகனுக்கு உன் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன். தப்பாக நினைக்காதே.

எனக்கு 68. என் வீட்டுக்காரர் ஊர்ச் சபைகளைக் கவனிக்கிற உபதேசியாராக 31 வருடம் ஊழியம் செய்தார், ஏழு ஊர். வீடு மாற்றி மாற்றிப் பாத்திரம் கட்டியே என் காலம் போனது. இப்போது அவர் இல்லை.

நீ கிணற்றைச் சொன்னாய். எனக்கு அது பாம்படம்.

என் அம்மாவுக்குக் காது வளர்த்து பாம்படம் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து வேலைப்பாடு. சாவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், நானும் தங்கச்சியும் பக்கத்தில் இருக்கும்போதே, "இது மூத்தவளுக்கு" என்று சொன்னார்கள். அடக்கம் முடிந்து, பதினாறாம் நாள் வந்து பார்த்தால் பாம்படம் இல்லை. தங்கச்சி எடுத்துக்கொண்டு போய் உருக்கி, மகளுக்குச் செயின் செய்துவிட்டாள். எத்தனை பவுன் என்பதெல்லாம் இப்போது எதற்கு. உருக்கிவிட்டாளே என்பதுதான் எனக்கு. வைத்திருந்தாலாவது ஒரு நாள் கையில் வாங்கிப் பார்த்திருப்பேன்.

பதினொரு வருடம். கல்யாண வீட்டில் பார்த்தால் "சாப்பிட்டியா" என்று கேட்பேன், அதற்கு மேல் கிடையாது. நான் உபதேசியார் மனைவி, பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் நடத்துகிறவள். ஒப்புக்கொடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற வாய் இது. உன்னைப்போல நானும் எத்தனையோ தடவை எழுந்து நின்றிருக்கிறேன், தம்பி. "ஆண்டவரே, என்னை முழுவதும் எடுத்துக்கொள்ளும்" என்பேன். முழுவதும் என்கிற சொல் இருக்கிறதே, அது ஒளிந்துகொள்ள நல்ல இடம். முழுவதும் என்று சொல்லிவிட்டால் பாம்படம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் பிடியரிசி உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும், மாதம் முடிந்ததும் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 1903-ல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பிஷப்பான அசரியா ஐயாவும் மற்றவர்களும் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்து, தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்கு நம் ஊர் ஆட்களை அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் சபைகளின் காணிக்கையிலேயே அனுப்பினார்கள். அந்தக் காணிக்கையில் தன் பிடி அரிசியும் உண்டு என்று எங்கள் ஆச்சி பெருமையாகச் சொல்வாள். காசு இல்லாத பெண்கள் கையில் இருந்தது அரிசிதான், அதை அளந்து பார்க்காமல் கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலையில் பிடி எடுக்கும்போது என் கையையே பார்த்தேன். மனசில் தங்கச்சியோடு வாதாடிக்கொண்டே எடுத்தேன். நீ எப்படி உருக்கலாம், அம்மா சொன்னது உன் காதில் விழவில்லையா என்று, தினமும் ஓடுகிற அதே பேச்சு. கை அரிசிக்குள்ளே போனது, ஆனால் விரல் இறுகியிருந்தது. வந்தது கால் பிடி. கோபமாக இருக்கிற நாளில் எல்லாம் நான் சின்னப் பிடிதான் எடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு பிடிக்கும் தங்கச்சி பேரைச் சொன்னேன். "ஆண்டவரே, இது அவளுக்கு. பாம்படம் உம் கையில்." பேர் சொல்லி, பொருள் சொல்லி. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், சில நாள் சொல்லாமல் விட்டேன், விட்ட நாளில் பெரிய பிடியாகப் போட்டுச் சமாளித்தேன். அவருக்கு அது தெரியாதா?

எத்தனை மாதம் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு மழை நாள். விறகு ஈரம், அடுப்பு பற்றவில்லை, ஊதிக்கொண்டிருந்தேன். அப்போது திடீரென்று ஒன்று தோன்றியது, இன்றைக்குக் காலையிலிருந்து நான் அவளோடு சண்டை போடவில்லையே என்று. மனசுக்குள் பதினொரு வருடமாக ஓடிய வழக்கு நின்றிருந்தது. எப்போது நின்றது என்றே தெரியவில்லை. அந்த அமைதியில், தம்பி, அங்கே இன்னொருவர் இருப்பது தெரிந்தது. உடம்பு நடுங்கவில்லை, வெளிச்சம் எதுவும் இல்லை. வீட்டில் ஒருவர் வந்து ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்க, நாம் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்ததால் கவனிக்காமல் விட்ட மாதிரி. அவர் புதிதாக வரவில்லை. நான்தான் பேச்சை நிறுத்தியிருந்தேன்.

புதன்கிழமை காலையில் என்ன செய்ய என்று கேட்டாய். உன் கையில் தினமும் படுகிற ஒரு வேலையை எடு. அதைத் தொடும்போதெல்லாம் அண்ணன் பேரைச் சொல், கிணறு என்று வாய்விட்டுச் சொல். முழுவதும் என்று சொல்லாதே.

பயத்தைப் பற்றி ஐயா யாராவது நன்றாகச் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அதற்கு மேல் சொல்வதற்குப் பெரிதாக இல்லை. இருந்தாலும் தம்பி கிணறு என்று எழுதியதும் வேதாகமத்தில் ஆதியாகமம் 26 ஞாபகம் வந்துவிட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் கதையை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அப்பா காலத்துத் துரவுகளை, அதாவது கிணறுகளை, அந்தத் தேசத்துப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டுகிறான். பள்ளத்தாக்கில் வெட்டும்போது ஊற்று கண்டார்கள். உடனே கேராரின் மேய்ப்பர் வந்து, தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். அதற்கு ஏசேக்கு என்று பேர் வைத்தான், வாக்குவாதம் என்று அர்த்தம். இன்னொன்று வெட்டினான், அதற்கும் சண்டை. சித்னா, பகை. அப்புறம் அங்கிருந்து பெயர்ந்து போய் மூன்றாவது வெட்டினான், யாரும் வரவில்லை. ரெகொபோத், விசாலமான இடம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, அவன் சண்டைக்குச் சண்டை என்றே பேர் வைத்தான். நடந்ததை மூடவில்லை. அம்மா சொன்ன "பேர் சொல், பொருள் சொல்" என்பது இங்கேயும் இருக்கிறது. இரண்டாவது, ரெகொபோத்திலிருந்து பெயெர்செபாவுக்குப் போகிறான், "அன்று ராத்திரியிலே கர்த்தர் அவனுக்குத் தரிசனமாகி" என்று இருக்கிறது. உன் தகப்பனுடைய தேவன் நான் என்று சொன்ன கையோடு "பயப்படாதே" என்கிறார். பகை என்று பேர் வைத்த கிணற்றை விட்டு நடந்தவனுக்கு, அந்தப் பயணத்தின் முடிவில் அந்தச் சத்தம் கேட்கிறது.

சமுகம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. இப்போது சமூகம் என்றால் சமுதாயம் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் வேதாகமத்தில் வரும் சமுகம் அதுவல்ல, பழைய காலத்தில் ராஜ சமுகம் என்று எழுதுவார்களே, அந்த சமுகம். அதாவது நேர் எதிரே, முகத்துக்கு முன். "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும்" என்று யாத்திராகமம் 33-ல் வருகிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது முகம் என்ற சொல்லேதான். தமிழாக்கியவர்கள் முகம் உள்ளே இருக்கிற ஒரு தமிழ்ச் சொல்லைப் பார்த்துப் போட்டது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற விஷயம். ஒருவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டுமென்றால், வேறு ஒருவரை முறைத்துக்கொண்டிருக்க முடியாது. கழுத்து ஒன்றுதான்.

சங்கீதம் 37:5, "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து" என்கிறது. மூலத்தில் உருட்டிவிடு என்கிற சொல். தூக்கிக் கொடுக்க முடியாத பாரத்தை என்ன செய்வோம்? உருட்டுவோம். பனந்தடியைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மூச்சில் வந்து சேராது. நாலு தள்ளு, நிறுத்தம், மறுபடி நாலு தள்ளு. உங்கள் செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு நிறுத்தம் என்று நினைக்கிறேன். தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

இனி பயம். இதைச் சொல்லும்போது நான் மழுப்ப மாட்டேன், ஏனென்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் சொல்கிற மாதிரி ஒரு சம்பவம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் டோனாவூரில் இருந்து, கோயில்களுக்கு விடப்பட்ட குழந்தைகளை வளர்த்தவர். 1931 அக்டோபர் 24 காலையில், உமக்கு ஊழியம் செய்ய என்னைத் தகுதியாக்க எது வேண்டுமோ அதைச் செய்யும் என்று ஜெபித்திருக்கிறார். அன்று மாலை களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அந்த அறையும் படுக்கையும்தான்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கும் உங்களைப்போலத்தான் வயிறு கலங்கியது. ஜெபித்ததற்கா விழுந்தார்கள்? அப்படி நான் வாசிக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு வீட்டில், யாரோ தப்பான இடத்தில் தோண்டி வைத்த குழி. ஜெபிக்காதவர்களும் விழுந்திருப்பார்கள். ஜெபம் செய்தது வேறு. விழுந்தபோது அவர் கையில் அது ஏற்கெனவே இருந்தது. இருபது வருடமும் அந்த வார்த்தையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்த அறையிலிருந்து எழுதினார், பிள்ளைகள் வந்து போனார்கள், வலியும் இருந்தது, வலி இல்லை என்று அவர் சொன்னதில்லை. டோனாவூரில் அவர் கல்லறையில் அவர் விருப்பப்படி கல் வைக்கவில்லை, பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். நான் போய் நின்றிருக்கிறேன். பயம் வரவில்லை.

இன்னொன்று. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் "உம்முடைய சித்தத்தின்படியே" என்பதை முதலில் சொல்லவில்லை. "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்பதைத்தான் முதலில் சொன்னார். ஆசையைச் சொல்லாமல் ஒப்புக்கொடுக்க முடியாது. நீங்கள் இன்று ராத்திரி, "ஆண்டவரே, எனக்குக் கிணறு வேண்டும், செவ்வாயும் வெள்ளியும் வேண்டும், மகள் வேண்டும்" என்று சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு "ஆயினும்" என்று சொல்லுங்கள். அந்த "ஆயினும்" வருவதற்கு எத்தனை நாள் ஆனாலும் சரி.

பதில்: நாகர்கோவில் நர்ஸ்

மேலே எழுதிய இரண்டு பேர் மீதும் மரியாதை உண்டு. ஆனால் நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

ஒப்புக்கொடு என்ற சொல் எனக்கு ரொம்ப நாள் கசந்தது. கல்யாணமான மூன்றாம் வருடம், கன்னத்தில் விரல் பதிந்த தடத்தோடு சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்குப் போய் நின்றேன். "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துப் போ மகளே" என்று ஜெபித்து அனுப்பினார். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் ஆண்டவர் கைக்குத் திரும்பவில்லை, அடித்த கைக்குத் திரும்பினேன். இரண்டும் ஒன்று என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது ஒன்றல்ல என்று தெரிந்துகொள்ள இன்னும் நான்கு வருடம் ஆனது.

அப்போஸ்தலன் பவுல் தன் ஜீவனையே கொடுத்தவர். ஆனால் பிலிப்பி பட்டணத்தில் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் ரகசியமாகப் போகச் சொன்னபோது, அப்படியல்ல, அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோகட்டும் என்றார். பிறகு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனிடம், மேல்முறையீடு செய்து அபயமிட்டார். அவர் ஒப்புக்கொடுக்காதவரா? ஈசாக்கு கதையிலும் ஆசிரியர் ஐயா ஒரு இடத்தை விட்டுவிட்டார். பின்னால் கேராரின் ராஜா அபிமெலேக்கு சமாதானம் பேச வந்தபோது, நீங்கள் என்னைப் பகைத்துத் துரத்திவிட்டீர்களே, இப்போது ஏன் வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிறான் ஈசாக்கு. கேட்ட பிறகுதான் விருந்து வைக்கிறான்.

அண்ணே, உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறு பொது என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அது உங்கள் மகளுக்கும் சேர வேண்டியது. பகையை ஆண்டவர் கையில் கொடுங்கள், பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். தண்ணீரைக் கோபமில்லாமல் கேட்க முடிந்தால், கேட்பதும் ஒப்புக்கொடுத்தல்தான் என்று நான் நம்புகிறேன். நான் இன்று தனியாக இருக்கிறேன். நைட் டியூட்டியில் அதிகாலை மூன்று மணிக்கு, வார்டில் எல்லோரும் தூங்கும்போது, டிரிப் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு ஜெபிப்பேன். அவர் சமுகம் எனக்கு அங்கே கிடைத்தது. பொறுத்துப் போன வீட்டில் கிடைக்கவில்லை.

பதில்: உபதேசியார் வீட்டம்மா

மகளே, உன்னை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர்களில் என்னைப்போன்றவர்களும் உண்டு. நானும் ஒரு காலத்தில் ஒன்றிரண்டு பெண்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. நீ எழுதியது சரி. தம்பி, அவள் சொன்னதையும் சேர்த்துக் கேள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சகோதரி சொன்ன அபிமெலேக்கு இடத்தை நான் விட்டிருக்கக் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால், சமாதானமாகப் பிரிந்த அதே நாளில் ஈசாக்கின் வேலைக்காரர் வந்து, தண்ணீர் கண்டோம் என்கிறார்கள்.

கேட்டவர்: திருப்பூர் கட்டிங் மாஸ்டர்

இரண்டு நாளாக இதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா கேட்டதற்குப் பதில். எழுதியிருக்கிறது. "கிணறும் மோட்டாரும் இருவருக்கும் பொது" என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? என் பைபிள் கவரில். ஜிப் வைத்த கவர், உள்ளே ஒரு பை இருக்குமே, அதில் நாலாக மடித்து வைத்திருக்கிறேன். 2019-லிருந்து. ஒவ்வொரு ஞாயிறும் ஜிப்பைத் திறக்கும்போது முதலில் அதுதான் கையில் தட்டும். ஐந்து வருடமாகப் பத்திரத்தோடுதான் கோயிலுக்குப் போயிருக்கிறேன். அம்மா பிடியரிசியைப் பற்றி எழுதியதை வாசித்தபோதுதான் இது உறைத்தது. நேற்று ராத்திரி எடுத்து வெளியே வைத்தேன். மடிப்பில் மை அழிந்து, அப்பா கையெழுத்து பாதிதான் தெரிகிறது.

ஆசிரியர் ஐயா சொன்னபடி ஆசையைச் சொல்லி ஜெபித்தேன். கிணறு, செவ்வாய், வெள்ளி, 140 மரம், காய்ந்த 60, மகள் பேர். "ஆயினும்" வரவில்லை. மகள் பேர் சொன்னதும் நின்றுவிட்டது. மனைவி எழுந்து வந்து என்ன என்று கேட்டாள். ஐந்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். அவளுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது.

வேலையில் எனக்குத் தினமும் கையில் படுவது சாக்பீஸ். துணியை அடுக்கு அடுக்காக விரித்து, மேல் அடுக்கில் பேட்டர்ன் வைத்துக் கோடு போடுவோம். கத்தி ஓடும் முன்னால் கோடு. இனி முதல் கோட்டுக்கு அண்ணன் பேர் சொல்லலாம் என்று இருக்கிறேன். இன்றைக்குச் சொன்னேன். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

ஒரே ஒரு சந்தேகம். அந்த ஜெராக்ஸைக் கிழித்துவிடவா?

பதில்: உபதேசியார் வீட்டம்மா

கிழிக்காதே. பீரோவில் வை. வீட்டுப் பத்திரம் இருக்க வேண்டிய இடம் பீரோ.

உதடு அசைந்தது போதும். பிள்ளை வரம் கேட்டு ஜெபித்த சாமுவேலின் தாய் அன்னாளுக்கும் உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனான ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். பிள்ளை பிறப்பதற்கு வெகு நாள் முன்னாலேயே, ஜெபித்துவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாக இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கையில் ஒன்றும் கிடைக்காமலேயே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

"ஆயினும்" வராத நாளில் வரவில்லை என்றே அவரிடம் சொல்லிவிட்டுப் படு.

கேட்டவர்: திருப்பூர் கட்டிங் மாஸ்டர்

மூன்று வாரம் ஆகிவிட்டது. தெரிவிக்காமல் இருப்பது சரியில்லை என்று எழுதுகிறேன்.

போன வெள்ளி ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டுக்கு. படி ஏறும்போது கால் கூசியது. பத்திரம் கொண்டுபோகவில்லை. உடன்குடியில் இறங்கி அண்ணன் பிள்ளைகளுக்குச் சில்லுக் கருப்பட்டி வாங்கினேன். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்தார், எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. என் பக்கத்தில் பட்டுப்போன மரங்களை யாரோ வெட்டி அடுக்கியிருந்தார்கள். நான் அண்ணனுக்காக ஜெபிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் வார்த்தை எதுவும் வரவில்லை, வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. முருங்கைப் பூ உதிர்ந்து தண்ணீர் மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்திருப்பேன். வழக்கமாக அந்த இடத்தை நினைத்தாலே மனசில் ஓடுகிற பேச்சு ஓடவில்லை. உபதேசியார் வீட்டம்மா எழுதிய அந்த மழை நாளைப்போலவா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தனியாக இருக்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

மகள் விஷயத்தில் "ஆயினும்" இன்னும் முழுதாக வரவில்லை. பாதி வருகிறது.

சாயங்காலம் கிளம்பும்போது அண்ணன் வாசலுக்கு வந்தார். "எத்தனை மணிக்கு பஸ்?" என்றார். "ஏழேகாலுக்கு" என்றேன். ஐந்து வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். செவ்வாய், வெள்ளியைப் பற்றி நான் கேட்கவில்லை. கோயில் அசன விருந்துக்கு மறுபடி போவேன், அப்போது கேட்பேன். நாகர்கோவில் அக்கா சொன்ன மாதிரி, கோபமில்லாமல் கேட்க வரும்வரை கோடு போடும்போதெல்லாம் அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. அதனால்தான் இன்றைக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.